இணைய வகுப்பும் ஏடு காத்தலும்

கல்வி பிறரால் பறிக்கவொண்ணாச் செல்வம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆயினும் நெஞ்சிற் பதிந்த கல்விக்கே அப்பெருமை உரியது. நெஞ்சிற்குப் புறத்தே ஓலையிலும் தாளிலும் மின்கோப்பிலும் ஏற்றி வைத்த கல்வியோ, தன்னைத் தாங்கும் கலம் உடைந்த அன்றே தானும் உடைந்துபோகின்றது. இவ்வேறுபாட்டை நாம் மறந்துவிட்டோமோ என்னும் ஐயமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. இந்நாளில் நம் பாடமும் பயிற்சியும் தேர்வும் மதிப்பெண்ணும் இணையவழி வகுப்பறைகளில் ஏறிவிட்டன. அவற்றைக் காப்பார் யார்? இழந்தால் மீட்பார் யார்? மீட்கும்பொழுது யாருடைய எழுத்து மீளும்? யாருடைய எழுத்து மீளாது? இவ்வினாக்களை ஈண்டுச் சிறிது ஆராய்வோமாக.

தமிழ் பயில்வார்க்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. புறநானூற்றைக் கையில் எடுப்போர், 266-ஆம் பாட்டைக் கற்று முடித்து அடுத்த பாட்டைத் தேடுங்கால் 269-ஆம் பாட்டையே காண்பர். இடைப்பட்ட 267, 268 என்னும் இரண்டும் கிடைத்தில. எண் உண்டு, பாட்டு இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் மறைந்தன. பரிபாடல் எழுபது என்பர். முழுமையாக நமக்கு எய்தியவை 22 மட்டுமே. எஞ்சியவையேனும் நம் கைக்கு வந்தது எவ்வாறு? ஓர் ஏடு செல்லரிக்கு முன்னரே மற்றோர் ஏட்டில் அதனைப் பெயர்த்தெழுதி வந்த, பேர் தெரியாத எழுத்தாளர்களின் உழைப்பால். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியையும், 1892-ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தையும், 1894-ஆம் ஆண்டில் புறநானூற்றையும் அச்சேற்றியபொழுது, ஊர்தோறும் அலைந்து ஒரு நூலுக்குப் பல படிகளைத் தேடினார். ஒரு படியிற் சிதைந்த அடியை மற்றொரு படி தந்தது. படி பல இருந்த நூல் பிழைத்தது. படி ஒன்றே இருந்த நூல் அவ்வொன்றோடு மாண்டது. பழந்தமிழ் வரலாறு நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம் இதுவே.

இனி, இற்றை நாளைய ஏட்டைப் பற்றிக் கூறுவாம். இணையவழி வகுப்பறைகளுள் உலகெங்கும் மிகப் பரவியவற்றுள் ஒன்று மூடில் என்பது. ஆஸ்திரேலிய நாட்டுப் பெர்த் நகரத்தினராகிய மார்ட்டின் டூகியாமஸ் என்பார் அதனை ஆக்கினார். இளமையிற் பாலைநிலத்து ஊரொன்றில் வாழ்ந்து வானொலி வழியாகப் பள்ளிப்பாடம் கேட்டவர் அவர். மூடிலின் முதற் பதிப்பு 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் நாள் வெளிவந்தது. விலையின்றி எவரும் கொள்ளலாம், திருத்தலாம் என்னும் உரிமையோடு அது வழங்கப்படுகின்றமையால், பொருள் வளம் குறைந்த கல்லூரிகளும் அதனை மேற்கொள்ள இயன்றது. கூகிள் நிறுவனத்தின் வகுப்பறையும் 2014-ஆம் ஆண்டுமுதல் வழக்கில் உள்ளது. 2020-ஆம் ஆண்டிற் பெருந்தொற்றால் கல்லூரிகள் அடைபட்டபொழுது, இவற்றை அதுகாறும் அறியாதிருந்த ஆசிரியரும் மாணாக்கரும் ஒரு திங்களுக்குள் இவற்றிற் குடிபுகுந்தனர். குடிபுகுந்த விரைவில் வீட்டின் கூரையையும் கதவையும் நோக்கியவர் சிலரே.

இக்குறையை நான் நூலிற் கற்றறிந்திலேன். என் இல்லத்திலேயே கண்டறிந்தேன். என் ஊர் இருங்காட்டுக்கோட்டை. சென்னையினின்று பெங்களூர் செல்லும் பெருவழியில், செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே, சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியது அது. 1996-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஹூண்டாய் நிறுவனம் 1998-ஆம் ஆண்டிற் சான்ட்ரோ என்னும் முதற் காரை ஈண்டிருந்தே வெளியிட்டது. அன்று தொடங்கித் திருப்பெரும்புதூரும் ஒரகடமும் சுங்குவார்சத்திரமும் ஆலைகளால் நிறைந்தன. எம் பக்கத்துச் சாலைகளில் தமிழ்ப் பலகைகளுக்கிடையே கொரிய எழுத்துக்கொண்ட உணவுவிடுதிப் பலகைகளும் தொங்கும். விடியலிலும் நண்பகல் கடந்தும் இரவிலும் ஷிப்டு மாறுந்தோறும் கம்பெனிப் பேருந்துகள் வரிசை வரிசையாகச் செல்லும். அப்பேருந்துகளிற் சாளரத்தோரம் அமர்ந்து, கைப்பேசியிற் பாடம் படித்து வரும் இளைஞரும் மகளிரும் பலர். அவர்களுக்கு வகுப்பறை என்பது அக்கைப்பேசி ஒன்றே. வேறு மேசை இல்லை. வேறு ஏடு இல்லை.

அவர்களுள் ஒருவர் என் தமக்கையார். மின்னணுப் பொருள் செய்யும் ஆலையொன்றில் பணிபுரிந்துகொண்டே, தரக்கட்டுப்பாடு பற்றிய பட்டயப் படிப்பொன்றை ஒரு கல்வி நிலையத்தின் இணைய வகுப்பில் மேற்கொண்டார். அது முடிந்தாற் பொருள் பொருத்தும் வரிசையினின்று மேற்பார்வைப் பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்பது அவர் நினைவு. பதினான்கு வாரங்களில் பதினோரு பயிற்சிகளை எழுதி ஏற்றினார். பெரும்பாலானவற்றைப் பேருந்திலேயே, இணைய வகுப்பின் எழுதுகட்டத்திற் கைவிரலால் அடித்து முடித்தார். பருவம் முடியும் தறுவாயில் அந்நிலையத்தார் தம் இணைய வகுப்புக்களைப் பழைய கணினியினின்று புதிய கணினிக்கு மாற்றினர். மூன்று நாள் வகுப்பு மூடிக்கிடந்தது. நான்காம் நாள் திறந்தது. தமக்கையார் கைப்பேசியை நெடுநேரம் நோக்கியிருந்து, “தம்பி, பாடமெல்லாம் இருக்கின்றன, நான் எழுதியவைதாம் ஒன்றும் இல்லை” என்றார்.

யானும் வாங்கிப் பார்த்தேன். பாடக் குறிப்புக்கள் இருந்தன, படங்கள் இருந்தன, வினாக்கள் இருந்தன. முதற் பயிற்சி, இரண்டாம் பயிற்சி எனப் பதினோரு தலைப்புக்களும் வரிசை குலையாது நின்றன. ஒவ்வொன்றின் கீழும், விடை ஏதும் அளிக்கப்படவில்லை என்னும் ஒரே வரி. எண் உண்டு, எழுத்து இல்லை. புறநானூற்றின் 267-ஆம் எண்ணை வகுப்பிற் கண்டபொழுது தோன்றாத துயரம் அன்று எனக்குத் தோன்றிற்று.

நிலையத்தார் அன்புடையர், பத்து நாளைக்குள் மீண்டும் எழுதி ஏற்றுக என்றனர். அப்பத்து நாளும் தமக்கையார்க்கு இரவு ஷிப்டு. ஏழினை நினைவிலிருந்து எழுதினார். நான்கினை எழுத இயலவில்லை. சான்றிதழ் அடுத்த பருவத்திற்குத் தள்ளிப்போயிற்று. மேற்பார்வைப் பணிக்கு விண்ணப்பிக்கும் நாள் அதற்குள் கடந்தது. ஒரு கோப்பு மறைந்தால் யாருக்கு என்ன கேடு என்று வினவுவார்க்கு இதுவே என் விடை.

இது நேர்ந்தது எவ்வாறு என்று நம் கல்லூரிக் கணினிக்கூடத்தில் உள்ளார் ஒருவரை வினவினேன். அவர் பொறுமையோடு விளக்கியவற்றை இங்குத் தருகின்றேன். இதனை அறிந்து வைத்தல் நம்மனோர் அனைவர்க்கும் பயன்படும்.

மூடிலில் ஒரு பாடத்தின் காப்புப்படி எடுத்தால், அது சுருட்டிக் கட்டிய ஒற்றைக் கோப்பாக வெளிவரும், எம்.பி.இசட் என்னும் மூன்றெழுத்து அதன் வால். அம்மூட்டையுள் எவ்வெவற்றை வைப்பது என்று தொடக்கத்திலேயே கட்டங்கட்டமாக வினவப்படும். பாடப் பகுதிகள், வினா வங்கி முதலியன ஒருபுறம். சேர்ந்துள்ள மாணாக்கரும் அவர்தம் விடைகளும் மதிப்பெண்களும் மற்றொருபுறம். பின்னதைக் குறியாது விட்டால் மூட்டையில் ஆசிரியர் எழுதியது மட்டுமே அடங்கும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. மாணாக்கர் தரவைப் படியிற் சேர்க்கும் உரிமை இயல்பாக மேலாளர் நிலையில் உள்ளார்க்கே தரப்பட்டுள்ளது. பாடம் நடத்தும் ஆசிரியர்க்கு இல்லை. ஆகவே, ‘நான் என் பாடத்திற்குப் படி எடுத்துவிட்டேன்’ என்று ஓர் ஆசிரியர் மனநிறைவோடு கூறுங்கால், அதில் மாணாக்கர் எழுத்து ஒரு வரியும் இல்லாதிருத்தல் கூடும். ஒரு பாடத்திலிருந்து மற்றொரு பாடத்திற்குப் பகுதிகளை இறக்கிக்கொள்ளும் முறையும் அத்தகையதே. அது பாடப்பொருளை மட்டும் கொணரும். மாணாக்கர் எழுதியதை ஒருபோதும் கொணராது.

மீட்டலிலும் மூன்று வழிகள் உள்ளன. மூட்டையை அவிழ்த்துப் புதியதொரு பாடமாக நிறுவலாம். இருக்கின்ற பாடத்தோடு சேர்க்கலாம். இருக்கின்ற பாடத்தை முற்ற அழித்து அவ்விடத்தில் வைக்கலாம். மூன்றாவது வழி வாளின் கூர்முனை. பழைய படியை அவ்வழியால் மீட்டவர், படியெடுத்த நாளுக்குப் பின் வந்தவற்றையெல்லாம் தம் கையாலேயே அழித்தவராவர். ஐயம் தோன்றுமிடத்துப் புதிய பாடமாகவே மீட்டு, ஒப்பிட்டுப் பார்த்துப் பின்னரே பழையதைத் தொடுதல் அறிவுடைமை. புதிய பதிப்பிற் கட்டிய மூட்டை பழைய பதிப்பிற் சரிவர அவிழாது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஒரு பாடத்தின் நிலை இது. இனி, தளம் முழுவதையும் காத்தல் பற்றி ஒரு சொல். 2010-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த மூடிலின் இரண்டாம் பதிப்புமுதல், ஏற்றப்படும் கோப்புக்கள் தம் இயற்பெயரோடு வட்டிற் கிடப்பதில்லை. கோப்பின் உள்ளடக்கத்தினின்று கணக்கிட்ட நீண்ட குறியீடொன்றே அதன் பெயராகின்றது. ஒரே கோப்பினைப் பத்துப் பாடங்களில் ஏற்றினும் வட்டில் ஒன்றே இருக்கும், இடம் மிச்சம். அது யாருடையது, எப்பாடத்தது, அதன் உண்மைப் பெயர் யாது என்பனவெல்லாம் வேறோரிடத்தில், தரவுத்தளத்தில் எழுதப்பட்டுள்ளன. ஒரு நூலகத்தை எண்ணிப் பாருங்கள். நூல்களின் மேலட்டையையெல்லாம் கிழித்து, எண் மட்டும் ஒட்டி அடுக்கிவிட்டு, எந்த எண் எந்த நூல் என்னும் பட்டியலை வேறோர் அறையிற் பூட்டி வைத்தது போன்றது இது. நூல்களை மட்டும் காத்துப் பட்டியலை இழந்தவன் குவியலொன்றைக் காத்தவன். பட்டியலைக் காத்து நூல்களை இழந்தவன் பெயர்களை மட்டும் காத்தவன். இரண்டினையும் ஒருங்கே, ஒரே நேரத்து நிலையிற் படியெடுத்தால்தான் அது படியாகும்.

படியெடுத்தால் மட்டும் போதுமோ? அதனை எங்கே வைப்பது என்பது அடுத்த வினா. மூலத்தின் பக்கத்திலேயே படியையும் வைப்பது, வீட்டின் மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதை ஒக்கும். எம் ஊரார் 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை மறவார். முதல் நாள் இரவில் செம்பரம்பாக்கம் ஏரியினின்று நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டு அடையாற்றிற் பாய்ந்தது. எம் பக்கத்துப் பேராலைகள் சில நாள் வேலையை நிறுத்தின. மாடியில் இருந்த பொருள் பிழைத்தது. தரையில் இருந்தது நனைந்தது. பொருளை இரண்டு ஊரில் வைத்திருந்தவனே கவலையின்றி உறங்கினான்.

வெள்ளம் செய்யாததைத் தீ செய்யும். 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவிலும் ஜூன் முதல் நாளிலுமாக யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் வெந்தன. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது. வேறு படி உள்ள அச்சுநூல்களைத் தேடி வாங்கவும் இயன்றது. படியில்லாத ஓலைச்சுவடிகளோ மீண்டில. இது பகைமையால் வந்த தீ. தற்செயலாக வரும் தீக்கும் சான்றுகள் உள. பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர்க் நகரத்தில் 2021-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையமொன்று எரிந்தது. மூலத்தையும் படியையும் அவ்விடத்திலேயே வைத்திருந்தோர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். எம் ஊர் ஆலைக்குத் தாயகமாகிய தென்கொரிய நாட்டிலேயே, 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் தேஜான் நகரத்து அரசாங்கத் தரவு நிலையத்தில் மின்கலம் ஒன்றிலிருந்து தீப்பற்றிற்று. அரசு அலுவலர்கள் தம் பணிக்கோப்புக்களை இட்டு வைத்திருந்த 858 டெராபைட் அளவுள்ள களஞ்சியம் சாம்பலாயிற்று. அளவிற் பெரிதாயிருந்தமையால் அதற்கு வேறிடத்திற் படி வைக்கப்படவில்லை. கைத்தொழிலிலும் கணினித் தொழிலிலும் முன்னணியில் நிற்கும் நாட்டிற்கே இது நேர்ந்ததெனின், நாம் எம்மாத்திரம்! மூன்று படி, இரண்டு வகைக் கலம், ஒன்றேனும் வேற்றூரில் என்று கணினி வல்லார் வகுத்துள்ள விதியைச் சிறு கல்லூரியும் கைக்கொள்ளலாம், கொள்ளல் வேண்டும்.

இவற்றினும் நுட்பமான குறை ஒன்றுண்டு. படி பல இருந்தும், அவிழ்த்துப் பாராமையால் அவை பயன்படாமற் போதல். சைவர் போற்றும் திருமுறை ஏடுகளைப் பற்றி வழங்கும் வரலாறு தமிழ் மாணவர் அறிந்ததே. தில்லையில் ஏடுகள் அறைக்குள் இலச்சினையிட்டுக் காக்கப்பட்டிருந்தன என்றும், அரசன் முன்னிலையில் அறை திறந்தபொழுது செல்லரித்தவை போக எஞ்சியவையே கிடைத்தன என்றும் அது கூறும். காவல் இருந்தது, பார்வை இல்லை. இக்காலத்தும் இதற்கு நேரான நிகழ்ச்சி நடந்தது. கிட்லேப் என்னும் நிறுவனத்தில் 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் பணியாளர் ஒருவர் தவறுதலாக மூலத் தரவையே அழித்துவிட்டார். படியெடுக்க ஐந்து வகை ஏற்பாடுகள் இருந்தன. எடுத்துப் பார்த்தபொழுது ஒன்றும் முறையாக வேலை செய்திருக்கவில்லை. வேறு காரணத்திற்காகச் சுமார் ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்து வைத்த ஒரு படியே அவர்களைக் காத்தது. தம் பிழையை ஒளியாது உலகறியச் சொன்ன அவர்தம் நேர்மை பாராட்டத்தக்கது. ஆதலின் யான் துணிந்து கூறுவது இது: மீட்டுப் பார்த்த படியே படி, மீட்டுப் பாராதது வெறும் நம்பிக்கை.

நிற்க. காத்தல் என்பது எல்லாவற்றையும் குவித்து வைத்தல் என்று கொள்ளற்க. ஓர் ஆசிரியரின் பாடத்தில் ‘குறிப்பு’, ‘குறிப்பு புதிது’, ‘குறிப்பு இறுதி’, ‘குறிப்பு இறுதி இரண்டு’ என நான்கு கோப்புக்கள் இருப்பின், எதனைக் கற்பது என்று மாணாக்கன் மயங்குவான். எதனைக் காப்பது என்று மேலாளர் மயங்குவார். பாடப்பெயரும் அலகும் ஆண்டும் தோன்றப் பெயரிடுதலும், பழையதை நீக்கிப் புதியதொன்றையே நிறுத்துதலும் ஆசிரியர் கடன். தவறி நீக்கியவற்றை மீட்டெடுக்க 2016-ஆம் ஆண்டில் வந்த பதிப்புமுதல் மூடிலில் குப்பைத்தொட்டி ஒன்று உண்டு. ஆயினும் மேலாளர் குறித்த நாள் கடந்தபின் அது தானே காலியாகிவிடும். அதனை நம்பி உறங்கலாகாது. மற்றொன்று: யூடியூபிலோ கூகிள் டிரைவிலோ உள்ள ஒன்றற்கு இணைப்புத் தந்திருப்பின், படியில் அடங்குவது முகவரி மட்டுமே, பொருள் அன்று. வீட்டுக்காரர் வீட்டை மாற்றிவிட்டால் முகவரித்தாள் எதற்குப் பயன்படும்?

இனி, இவற்றிற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். அவர்தம் மொழியையும் கேட்போம்.

இடத்திற்குப் பொருள் வேண்டுமே என்பர் சிலர். உண்மையே. கல்வி நிலையங்கட்கு எல்லையின்றி இடமளித்து வந்த கூகிள் நிறுவனம், அவ்வழக்கத்தை நிறுத்துவதாக 2021-ஆம் ஆண்டில் அறிவித்து, 2022-ஆம் ஆண்டு ஜூலைமுதல் நிலையமொன்றுக்கு அடிப்படையாக 100 டெராபைட் என வரையறுத்தது. இலவசமாக வந்தது என்றும் இலவசமாகவே நிற்கும் என்று எண்ணியவர் அன்று கணக்குப் பார்க்கத் தொடங்கினர். ஆயினும் இடத்தை விழுங்குவன காணொலிகளே. மாணாக்கர் எழுதும் விடைகளோ சிறியன; ஒரு மணி நேரக் காணொலி கொள்ளும் இடத்தில் ஒரு வகுப்பார் ஒரு பருவத்தில் தட்டெழுதிய விடைகளெல்லாம் அடங்கும். எளிதிற் காக்கத்தக்கதைக் காவாதிருந்துவிட்டுப் பொருளைக் குறை கூறுதல் பொருந்தாது.

மாணாக்கர் பெயரும் மதிப்பெண்ணும் அடங்கிய படி பிறர் கையிற் சிக்கினால் கேடன்றோ என்பர் வேறு சிலர். இது தக்க வினா. 2023-ஆம் ஆண்டில் நம் நாட்டிலும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய படியை ஆசிரியர் எவரும் பென்டிரைவிற் போட்டுச் சட்டைப்பையிற் கொண்டுதிரிதல் கூடாது. அது பூட்டிட்ட இடத்தில், பொறுப்புடையார் இருவர் காவலில், குறித்த காலம்வரை மட்டும் இருத்தல் வேண்டும். காலம் கடந்தபின் முறையாக அழித்தலும் வேண்டும். காவலுக்கு அஞ்சிப் படியே எடாதிருத்தல், கள்வனுக்கு அஞ்சி விதைநெல்லைச் சேமியாதிருத்தலை ஒக்கும்.

ஆசிரியர்க்கு வேலை மிகுமே என்பர் பின்னும் சிலர். பாடம் நடத்துதலும் விடை திருத்துதலும் பதிவேடு எழுதுதலுமே அவர்தம் பொழுதையெல்லாம் கொள்கின்றன என்பதை நாம் அறிவோம். ஆகையால் தளம் முழுவதையும் படியெடுக்கும் பணியை அவர்மேற் சுமத்தலாகாது. அது கல்லூரியின் கடன். நாள்தோறும் தானே நடக்குமாறு அமைக்கத்தக்கது. ஆசிரியர் செய்யவேண்டுவன இரண்டே. ஒவ்வொரு பயிற்சியின் நாள் முடிந்தவுடனும் மாணாக்கர் விடைகளனைத்தையும் ஒருங்கே இறக்கிக்கொள்ள மூடிலில் வழியுண்டு. மதிப்பெண் பட்டியலையும் அவ்வாறே இறக்கலாம். அவற்றைக் கல்லூரி குறித்த காவலிடத்திற் சேர்த்தல் வேண்டும். இவ்விரண்டிற்கும் தேநீர் அருந்தும் பொழுது போதும்.

ஆகவே, நம் கல்லூரித் தலைவர்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்வன நான்கு. முதலாவது, பருவந்தோறும் எடுக்கும் காப்புப்படியில் மாணாக்கர் எழுத்தும் மதிப்பெண்ணும் தவறாது அடங்குக. இரண்டாவது, ஒரு படியேனும் இவ்வூருக்கு வெளியே வைக்கப்படுக. மூன்றாவது, பருவத்திற்கு ஒருமுறை, யாதானும் ஒரு பாடத்தைத் தெரிந்தெடுத்து, தனியிடத்தில் மீட்டுப் பார்த்து, மீண்டதா இல்லையா என்பதை எழுதி வைக்குக. நான்காவது, கல்லூரியை விட்டு நீங்கும் மாணாக்கரின் கணக்குக்களை மூடுமுன் ஒரு திங்கள் முன்னறிவிப்புத் தந்து, அவர் எழுதியவற்றை அவர் எடுத்துக்கொள்ள வழிசெய்க. பாடம் ஆசிரியரின் உழைப்பு. விடை மாணாக்கரின் உழைப்பு. ஒன்றைக் கருவூலத்திலும் மற்றொன்றைத் தெருவிலும் வைத்தல் நீதியன்று.

மாணவ நண்பர்காள்! பிறர் கடனைக் கூறிவிட்டு நம் கடனை மறத்தல் அழகன்று. என் தமக்கையார் இணைய வகுப்பின் எழுதுகட்டத்திலேயே நேரே எழுதினார். தமக்கென ஒரு படி வைத்திலர். நம்மிற் பெரும்பாலார் செய்வதும் அதுவே. இனி, விடையை முதலில் தனிக் கோப்பில் எழுதுவோம், பின்னர் ஏற்றுவோம், ஏற்றிய சான்றினைப் படம்பிடித்து வைப்போம். கல்லூரி தந்த கூகிள் கணக்குடையோர், நிர்வாகியார் தடுத்திராவிடின், டேக்அவுட் என்னும் வழியால் தம் கோப்புக்களையெல்லாம் ஒருங்கே இறக்கிக்கொள்ளலாம். முன்னாள் மாணவப் பெரியீர்! நும் பழைய கணக்கு இன்னும் திறந்திருப்பின் இன்றே நுழைந்து நும் கட்டுரைகளை எடுத்துக்கொள்வீராக. நாளை என்பது நம் கையில் இல்லை.

முடிவாக ஒன்று கூறி அமைகின்றேன். விவிலியத்தில் எரேமியா நூலின் 36-ஆம் அதிகாரத்தில் ஒரு செய்தி உண்டு. தீர்க்கர் சொல்லச் சொல்லப் பாருக்கு என்பவர் எழுதிய சுருளை, யோயாக்கீம் அரசன் சூரிக்கத்தியால் அறுத்துக் கணப்புத் தீயில் எறிந்தான். சுருள் முழுதும் எரிந்தது. எரேமியா மற்றொரு சுருளை எடுத்துப் பாருக்கினிடம் கொடுத்து, எரிந்த சொற்களையெல்லாம் மீண்டும் சொன்னார். இன்னும் பல சொற்களும் அவற்றோடு சேர்ந்தன. சொன்னவரும் எழுதியவரும் உயிரோடிருந்தமையால் அச்சுருள் மீண்டது. என் தமக்கையார் ஏழு விடைகளை மீட்டதும் அவ்வாறே. ஆனால் எஞ்சிய நான்கினை அவரும் மீட்க இயலவில்லை. புறநானூற்றின் இரண்டு பாட்டுக்களை எவரும் மீட்க இயலாது. மனிதர் நினைவையே காப்புப்படியாகக் கொள்வார்க்கு நேர்வது இதுதான்.

தமக்கையார் இப்பருவத்தில் அப்படிப்பை மீண்டும் தொடங்கியுள்ளார். இம்முறை ஒவ்வொரு விடையையும் முதலிற் கோடிட்ட நோட்டுப்புத்தகம் ஒன்றில் எழுதுகின்றார். பின்னர்த் தட்டெழுதி, ஒரு படியை எனக்கும் அனுப்புகின்றார். என் கணினியில் அவர் பெயரால் ஒரு கோப்புறை உண்டு. சனிக்கிழமைதோறும் அதனைத் திறந்து, கோப்புக்கள் அவிழ்கின்றனவா என்று பார்க்கின்றேன். இவ்வாரம்வரை ஐந்து உள, ஐந்தும் திறக்கின்றன.